போதைப்பொருட் கேடு: தடுத்தலும் தணித்தலும்

(றொசல்லயில் நடைபெற்ற சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)

 

ஆண்டு விழாவென்றால் சமயப் பெரியார் ஒருவரின் சரித்திரத்தைக் கூறி அமர்வது வழக்கம். எனக்கும் அதுவே சுலபமாயிருந்திருக்கும். ஆனால் சென்ற மாதக் கூட்டத்தில் இங்கு நடந்த வாக்குவாதத்தைக் காரியதரிசி அவர்கள் எனக்கு எடுத்துச் சொல்லி, அதனைப் பற்றியே பேசவேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அன்று ஒரு பிரேரணை வந்தது. போதைப்பொருள் பாவிக்கும் எவரும் இச்சங்கத்தில் அங்கத்தவராக இருத்தலாகாது. அவ்வாறு பாவிப்போரின் பெயர்களைச் சங்கமே திரட்டிப் பொலிஸாரிடம் கொடுத்தல் வேண்டும் என்பது அந்தப் பிரேரணை. அதனை எதிர்த்து ஒரு தம்பி எழுந்து, வெளிநாடுகளிலே இசை விழாக்களில் இளைஞர் கொண்டுவரும் மாத்திரைகளைப் பரிசோதித்து, இன்னது இருக்கிறதென்று சொல்லி அனுப்புகிறார்கள். நாமோ பெயர்ப் பட்டியல் தயாரிக்கிறோம் என்றாராம். அதன் பின்னர் கூட்டம் கூட்டமாக இருக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பிரேரணை இன்றைய கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

அன்பர்களே, இரு பக்கத்தாரும் நல்லெண்ணத்தோடுதான் பேசியிருக்கிறார்கள். ஆகையால் எவரையும் குறைகூறாமல் விஷயத்துக்குள்ளே போகிறேன்.

நம்முடைய ஊர் எங்கே இருக்கிறதென்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். வட்டவளைக்கும் அட்டனுக்கும் நடுவிலே, அவிசாவளையிலிருந்து மேலேறி வரும் பெருவீதியை அண்டி இருக்கிறோம். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் கூட்டமெல்லாம் நம் கண் முன்னாலேதான் போகிறது. அடியார்களோடு வேறொரு கூட்டமும் போகிறது. வாடகை வாகனத்திலே பாட்டும் கூத்துமாக ஏறி வந்து, நல்லதண்ணி வரைக்கும் கஞ்சாவும் மாத்திரையுமாகச் செல்லும் வாலிபர்கள் ஒவ்வொரு பருவகாலத்திலும் அட்டன் பகுதியில் மோப்ப நாயின் உதவியோடு பிடிக்கப்பட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறார்கள். இது பத்திரிகையில் ஆண்டுதோறும் வரும் செய்தி. முகநூல் வழியே அழைப்பு விடுத்து, முன்பின் அறியாதவர்கள் ஓரிரவுக்கு விடுதியிற் கூடும் விருந்துகளைப் பொலிஸார் சுற்றிவளைத்த செய்திகளும் அப்படியே. அவர்களெல்லாரும் கொழும்பிலிருந்து வருபவர்கள், நமக்கென்ன என்று சொல்ல முடியுமா? நமது பிள்ளைகள்தாம் கொழும்பிலே கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கும் தேர்த் திருவிழாவுக்கும் லயத்துக்குத் திரும்பும்போது புதுச் சட்டை கொண்டு வருகிறார்கள். சிலர் சட்டைப் பைக்குள்ளே வேறொன்றையும் கொண்டு வருகிறார்கள்.

என்ன கொண்டு வருகிறார்கள்? கஞ்சா பழையது. தூள் என்று சொல்லப்படும் ஹெரோயின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் இருக்கிறது. ஐஸ் என்பது பிந்தி வந்து முந்திக்கொண்டது. வைத்தியர்கள் நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் போன்ற மாத்திரைகளையும் இப்பொழுது கைநிறைய விழுங்குகிறார்கள். இவையெல்லாம் அரக்கர் உண்டாக்கிய நஞ்சுகளல்ல; மருந்துச் சாலையிலே பிறந்தவை. ஹெரோயினை 1898ஆம் ஆண்டிலே ஜெர்மானியக் கம்பெனியாகிய பேயர் இருமல் மருந்தாக விற்றது. இசை விருந்துகளில் விழுங்கும் எக்ஸ்டசி மாத்திரையின் சரக்கு 1912இல் மேர்க் கம்பெனியின் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது. ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமைனை 1893இல் முதன்முதல் ஆக்கியவர் நாகாய் என்ற ஜப்பானிய இரசாயன அறிஞர். இரண்டாம் உலக யுத்தத்திலே போர்வீரர் உறங்காமலிருக்க ஜெர்மானியரும் ஜப்பானியரும் அதனையே கொடுத்தார்கள். உறக்கமும் பசியும் களைப்பும் தெரியாமற் செய்வது அதன் குணம். களைப்புத் தெரியாதேயன்றிக் களைப்பு இல்லாமற் போவதில்லை. இரண்டு மூன்று நாள் உறங்காதவனுக்குச் சந்தேகமும் பயமும் பிடிக்கும். யாரோ துரத்துகிறார்கள் என்பான். பெற்ற தாயையே எதிரியென்று நினைப்பான். பேய் பிடித்துவிட்டதென்று கோடாங்கியிடம் கூட்டிக்கொண்டு போகிற வீடுகளும் உண்டு. அது பேயல்ல.

இனி, பிரேரணையைக் கொண்டுவந்தவர்களின் நியாயத்துக்கு வருவோம். அது வலுவான நியாயம். லயத்திலே ஒரு காம்பராவுக்கும் மறு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒரு வீட்டில் ஒருவன் கெட்டால் பத்து வீட்டுப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அம்மா கொழுந்தெடுத்துக் கொண்டுவந்த சம்பளத்தை மகன் எடுத்துக்கொண்டு போகிறான். காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. தங்கையின் பள்ளிக்கூடம் நிற்கிறது. அந்தத் தாயைப் பார்த்து, உன் மகனிடம் அன்பாக இரு, அவன் நோயாளி என்று சொன்னால், அவள் நம்மை என்ன நினைப்பாள்? தீங்கு தணித்தல் என்று பேசுவோர் இந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லியே ஆகவேண்டும். நமது சைவமும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். திருமூலரும் தனியாகப் பாடினார். பஞ்சமா பாதகங்களுள் ஒன்றாகக் கள்ளை நம் முன்னோர் வைத்தார்கள்.

சில வாலிபர்கள், சிவபெருமானே கஞ்சா பிடித்தாரல்லவா என்று கேட்பதுண்டு. சிவபெருமான் ஆலகால விஷத்தையும் உண்டார். பிறர் பிழைக்க வேண்டுமென்று உண்டார். அவரைப் பின்பற்ற விரும்புவோர் அங்கிருந்து தொடங்கினால் நன்று. முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கிறோமே என்றால், படைத்ததை யார் குடிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அதனை முனியாண்டி மேற் போடவேண்டாம்.

ஆகவே போதை தீது என்பதில் நமக்குள் வழக்கில்லை. அத்தீதைக் குறைக்கும் வழி எது என்பதுதான் வழக்கு.

தண்டனை ஒரு வழி. இந்த நாடு அந்த வழியிலே எவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று பார்ப்போம். 1984ஆம் ஆண்டில் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டு, 2 கிராம் ஹெரோயினை வைத்திருந்தாலே மரண தண்டனை விதிக்கலாம் என்றாயிற்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் ஐஸும் அதிற் சேர்க்கப்பட்டது. அதற்கு அளவு 5 கிராம். 1976இன் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும், 2019இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணையில் ஒப்பமிட்டார். உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தியது. அந்த வருடத் தொடக்கத்திலேதான் அவர் பிலிப்பைன்ஸ் சென்று, ஜனாதிபதி டுடேர்ட்டேயின் போதை ஒழிப்பைப் புகழ்ந்து வந்திருந்தார். அந்த டுடேர்ட்டே 2025 மார்ச் மாதத்தில் கைது செய்யப்பட்டு, அதே போதை ஒழிப்பின்போது நடந்த கொலைகளுக்காக ஹேக் நகரிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

2023 டிசம்பர் 17இல் இங்கு யுக்திய என்ற நடவடிக்கை தொடங்கியது. நீதி என்பது அச்சொல்லின் பொருள். ஒரு மாதத்துக்குள்ளே ஏறக்குறைய 29,000 பேர் கைது செய்யப்பட்டதாக ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் கூறிக் கவலை தெரிவித்தது. கைதானவர்களிற் பெரிய வியாபாரிகள் எத்தனை பேர், சட்டைப் பையில் ஒரு சுருள் வைத்திருந்தவர் எத்தனை பேர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கடலிலே மீன்பிடிக் கலங்களில் நூற்றுக்கணக்கான கிலோவாக வருவதற்குச் சொந்தக்காரன் லயத்திலே இருக்கமாட்டான். நமது சிறைச்சாலைகளுக்குப் போவோரிற் பெரும்பகுதியினர் போதைப்பொருட் குற்றத்துக்காகப் போகிறவர்களே. உள்ளே போன பையன் அங்கே யாரோடு சேருகிறான்? கஞ்சாவோடு போனவன் தூள் வியாபாரியின் முகவரியோடு திரும்புகிறான்.

புனர்வாழ்வு என்று சொல்லிக் கந்தக்காட்டுக்கு அனுப்புகிறார்கள். 2022 ஜூன் மாத இறுதியில் அங்கே ஒருவர் இறந்ததன் பின்னர் கலவரம் மூண்டு அறுநூறு பேரளவில் தப்பியோடியதும், அந்த மரணம் தொடர்பாகப் படையினர் சிலர் கைது செய்யப்பட்டதும் நீங்கள் அறிந்தவை. சுகமடைய அனுப்பப்பட்ட இடத்திலிருந்து ஏன் நூற்றுக்கணக்கானோர் காட்டுக்குள்ளே ஓடுகிறார்கள் என்பதை, பெயர்ப் பட்டியல் தயாரிக்க முன்னர் சிந்திக்க வேண்டும்.

இதிலே நம்மவர் அதிகம் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். இது உயிரைப் பற்றியது. ஹெரோயின் பழகியவனுடைய சரீரம் நாளடைவிற் பெரிய அளவைத் தாங்கப் பழகிவிடும். சிறையிலோ முகாமிலோ சில மாதம் இல்லாமலிருந்தால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆசை மட்டும் போகாது. வெளியே வந்து, பழைய அளவையே ஒரு தடவை எடுத்தானாகில் மூச்சு நின்றுவிடும். ஆதலால் விடுதலையான முதற் சில வாரங்களே அவனுக்கு மிகவும் ஆபத்தான காலம். திருந்தி வந்துவிட்டான் என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும் நேரமும் அதுதான்.

மதுவிலக்கின் சரித்திரத்தையும் சற்றுப் பார்ப்போம். அது நமது சொந்தச் சரித்திரம். தோட்டத்துக்குப் பக்கத்திலே தவறணை வைத்து, கொடுத்த சம்பளத்தை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. 1927இல் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து மலைநாட்டுக்கும் ஏறி, தொழிலாளரிடம் குடியை விடும்படி மன்றாடினார். பத்து ஆண்டு கழித்து, 1937 அக்டோபர் முதலாந் திகதி, சேலம் ஜில்லாவில் இராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். நமது பாட்டன்மாரிற் பலர் சேலம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்தார் என்பதால் அச்செய்தி இங்கும் பெரிய எழுச்சியை உண்டாக்கியிருக்கும். மதுவிலக்கினால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடிப்பவன் இருக்கும்வரை காய்ச்சுபவனும் இருந்தான். காய்ச்சியதிலே என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலே நடந்ததைப் பாருங்கள். இத்தனைக்கும் அங்கே அரசாங்கக் கடைகளிலே மது விற்கப்படுகிறது. கையிற் காசு குறைந்த கூலிக்காரர் மலிவான பாக்கெட்டை வாங்கிக் குடித்தார்கள். அதில் மெத்தனோல் கலந்திருந்தது. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனோல் வயிற்றுக்குள் சென்று போர்மிக் அமிலமாக மாறும். முதலிற் கண்ணைக் குருடாக்கும், பின்னர் உயிரை எடுக்கும். முதல் நாள் வயிற்று வலியென்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாற் பலர் பிழைத்திருக்கக்கூடும். கள்ளச் சாராயம் குடித்தேனென்று சொல்லப் பயந்தவர் அவர்களுள் இல்லாமலா இருப்பர்?

நம்மூரிலும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் சாராயத்தின் விலை ஏறியதும், கசிப்பின் பக்கம் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கசிப்புக்கும் ஐஸுக்கும் இதில் வித்தியாசமில்லை. விற்பவன் சொல்வதைத் தவிர வேறு சாட்சியில்லாத சரக்கு இரண்டும்.

தம்பி சொன்ன மாத்திரைப் பரிசோதனை இந்த இடத்திலேதான் வருகிறது. அது வேடிக்கையல்ல. ஒல்லாந்து தேசத்தில் 1992 முதல் அரசாங்கமே அதனை நடத்தி வருகிறது. அவுஸ்திரேலியாவிலே 2018 ஏப்ரலில் கன்பராவில் நடந்த ஓர் இசை விழாவில் முதன்முதல் அனுமதித்தார்கள். ஒருவர் தம்மிடமுள்ள மாத்திரையிலிருந்து சிறு துளியைக் கொடுப்பார். இரசாயன அறிஞர் கருவியிலே வைத்துப் பார்ப்பார். இது பத்திரமானது என்று அவர் ஒருபோதும் சொல்லமாட்டார். இதில் இன்னது இருக்கிறது, இது உன்னைக் கொல்லக்கூடும் என்றே சொல்வார். வைத்தியத் துறையார் ஒருவர் பக்கத்திலிருந்து பேசுவார். அந்தப் பையனுக்கு அவன் வாழ்நாளிலே போதையைப் பற்றி வைத்தியத் துறையார் ஒருவர் பேசும் முதற் சந்தர்ப்பம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். வேண்டாமென்றால் போடுவதற்கு அங்கேயே ஒரு தொட்டியும் வைத்திருப்பார்கள்.

இதற்கு அங்கும் எதிர்ப்புண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே 2017 டிசம்பர் முதல் 2019 சனவரி வரை இசை விழாக்களில் ஆறு இளைஞர்கள் மாண்டனர். மரண விசாரணை அதிகாரியான ஹரியட் கிறேகம் அம்மையார் நீண்ட விசாரணை நடத்தி 2019 நவம்பரில் அறிக்கை வெளியிட்டார். பரிசோதனையை அனுமதிக்கவேண்டும் என்றார். விழா வாசலில் மோப்ப நாய் நிறுத்துவதை விடவேண்டும் என்றும் சொன்னார். நாயைக் கண்ட பயத்தில் பிள்ளைகள் கையிலுள்ளதையெல்லாம் ஒரே தடவையில் விழுங்கிவிடும் ஆபத்து உண்டென்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. அம்மாநில அரசாங்கம் ஐந்து வருடத்துக்கு மேலாக மறுத்து, 2024 டிசம்பரிலேதான் பரீட்சார்த்தமாக ஒப்புக்கொண்டது. குயின்ஸ்லாந்திலோ 2024இல் தொடங்கியதை, ஆட்சி மாறியதும் 2025இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே உலகமெல்லாம் ஒப்புக்கொண்ட வழி என்று தம்பி சொல்வது சரியல்ல. ஒருவரும் ஒப்புக்கொள்ளாத பைத்தியக்காரத்தனம் என்று அண்ணன்மார் சொல்வதும் சரியல்ல.

மோப்ப நாய் என்றதும் உங்களுக்கு அட்டன் வீதி ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. நாய் நிற்கிறதென்று முன் வாகனத்திலிருந்து தொலைபேசியிலே செய்தி வருகிறது. பின் வாகனத்திலுள்ள பையன் என்ன செய்வான்? எறிவான், எறிய மனமில்லையானால் விழுங்குவான். விழுங்கிவிட்டு 2,243 மீற்றர் உயரமான மலையிலே குளிரில் ஏறப் போகிறான். ஐஸ் போன்றவை நெஞ்சின் துடிப்பை ஏற்றுபவை. ஏற்றமும் அதனை ஏற்றும். இரண்டும் ஒன்றாகச் சேரும்போது விழுந்தால், கூட வந்தவர்கள் என்ன செய்வார்கள்? வாகனத்தின் பின் ஆசனத்திலே படுக்க வைத்து, தூங்கி எழுந்தாற் சரியாகிவிடும் என்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாற் பொலிஸ் வரும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தினாலே போகும் ஒரு மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

கன்பராவில் வைத்த கருவியை றொசல்லயிலும் வைக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு நமது சட்டத்தில் இடமில்லை; பணமும் இல்லை. வைக்கக் கூடியதையும் கேட்கக் கூடியதையும் பார்ப்போம். பிடிபடும் சரக்குகளை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதிக்கிறது. அந்த முடிவு நீதிமன்றத்துக்குப் போகிறது, அதோடு முடிகிறது. புதிய கொடிய கலப்பொன்று காணப்பட்டால் உடனே வானொலியிலும் பத்திரிகையிலும், தமிழிலும் சிங்களத்திலும், இன்ன தோற்றமுடைய மாத்திரையில் இன்ன நஞ்சு இருக்கிறதென்று சுகாதார அமைச்சு அறிவித்தால் அதற்கு என்ன செலவு? கெட்டுப்போன பால்மாவுக்கு அறிவித்தல் கொடுக்கிறோமே.

போர்த்துக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே 2001 முதல், பத்து நாளைக்குள் தன் பாவனைக்குப் போதுமான அளவை வைத்திருப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. பொருளைப் பறித்துக்கொண்டு, சட்டம் படித்தவரும் வைத்தியத் துறையாரும் சமூக சேவையாளரும் அமர்ந்த ஒரு குழுவின் முன் அனுப்புகிறார்கள். விற்பவனுக்கோ சிறை அப்படியே இருக்கிறது. நம் அயலிலே மணிப்பூரைப் பாருங்கள். 1990ஆம் ஆண்டளவில் ஊசி வழியே ஹெரோயின் ஏற்றுபவரிடையே எயிட்ஸ் கிருமி காட்டுத் தீப்போற் பரவியது. சுத்தமான ஊசி கொடுப்பதும், ஹெரோயினுக்குப் பதிலாக வைத்தியர் கண்காணிப்பில் வேறு மருந்து கொடுப்பதும் பாவமென்று முதலிற் பேசிய நாட்டிலே, பின்னர் அரசாங்கமே அவற்றை நடத்த முன்வந்தது. ஊசியினால் வந்த நோய் ஊசி பிடித்தவனோடு நிற்கவில்லை. அவன் மனைவிக்கும், அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் போயிற்று.

சற்று முன்னர் ஒரு தாயைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு நம் மறுமொழி என்ன? அவள் மகன் செய்ததைச் சரியென்று நாம் சொல்லப்போவதில்லை. தோட்டைத் திருடினால் அது திருட்டு. அடித்தால் அது அடி. அவற்றுக்குச் சட்டம் இருக்கிறது, அவள் அதை நாடலாம், நாமும் அவளோடு போகலாம். ஆனால் அவளிடம் தனியே கேட்டுப் பாருங்கள்: மகன் சிறைக்குப் போகவேண்டுமா, சுகமடைய வேண்டுமா, சாகாமலாவது இருக்கவேண்டுமா என்று. அவள் சொல்லப்போகும் மறுமொழியைத்தான் தீங்கு தணித்தல் என்று பெரிய பெயர் வைத்து அழைக்கிறார்கள். பெயர்ப் பட்டியலில் அவன் ஏறினால், அவன் வீட்டுக்கு வருவதை நிறுத்துவான். சங்கத்துக்கு வருவதை அதற்கு முன்னரே நிறுத்துவான். கிரிக்கெட் விளையாடவும், திருவிழாவுக்குத் தோரணம் கட்டவும் இங்கே வருகிற அந்த இரண்டு மணி நேரந்தான் அவனுக்கு மிஞ்சியிருக்கும் நல்ல நேரம். அதையும் நாமே பறித்துவிட்டு யாரிடம் ஒப்படைக்கப் போகிறோம்? விற்பவன் எந்தப் பையனையும் தன் கூட்டத்திலிருந்து நீக்குவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பட்டியல் எழுதுபவர் யார்? இருபது பேர் உள்ள ஊரிலே வேலித் தகராறும், காதல் தகராறும், தொழிற்சங்கத் தகராறும் உண்டு. முதற் பட்டியலில் பாவிப்பவன் பெயர் வரும். மூன்றாவது பட்டியலில் எவன் பெயர் வருமென்று நான் சொல்லத் தேவையில்லை.

2025 அக்டோபர் 30ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க போதைப்பொருளுக்கு எதிரான தேசிய வேலைத்திட்டமொன்றை ஆரம்பித்தார். கிராமங்கள்தோறும் சங்கங்களும் கோயில்களும் இதிற் சேரவேண்டுமென்பது அழைப்பு. சேருவோம். ஆனால் சேரும்போது, நம்மால் முடிந்தது எது என்று தெரிந்துகொண்டு சேரவேண்டும். கைது செய்வது பொலிஸாரின் தொழில்; அவர்களுக்கு அதற்கு ஆள் இருக்கிறது. மயங்கி விழுந்தவனைப் பக்கவாட்டில் புரட்டிப் போடத் தெரிந்தவர்கள் இங்கு எத்தனை பேர்?

அதனைச் சொல்லிவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மயங்கியவனை மல்லாக்கக் கிடத்தலாகாது. வாந்தி மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்து, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்துக் கிடத்துக. புளித் தண்ணீர், எலுமிச்சம் பழம், உப்புத் தண்ணீர் என்று வாயில் ஊற்றுவது நமது பழைய வழக்கம். அது அவனைக் கொல்லும். அவன் குறட்டை விடுவது போற் சத்தம் வந்தால் நன்றாக உறங்குகிறான் என்று நினைக்கவேண்டாம்; உதடு நீலமாகி மூச்சு இடைவிட்டு வந்தால் அது ஹெரோயின் மூச்சை அடைப்பதன் அடையாளம். நலோக்சோன் என்ற மருந்து ஆஸ்பத்திரியில் கிடைத்தால் நிமிடங்களில் மூச்சுத் திரும்பும். அதனைப் பாவிப்போரின் நண்பர், உறவினர் கைக்கும் எட்டச் செய்யவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே சிபாரிசு செய்தது. ஐஸோ மாத்திரையோ எடுத்து உடம்பு நெருப்பாகக் கொதித்தால், சட்டையைத் தளர்த்தி, காற்று விட்டு, ஈரத் துணியால் ஒற்றி உடம்பைத் தணிக்கவேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கச் செய்வதும் ஆபத்து. இரத்தத்திலுள்ள உப்பு குறைந்து மூளை வீங்கும். சாராயத்தோடு மாத்திரை சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றும் மற்றதன் வேகத்தைக் கூட்டும். உடனே 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியெடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கேட்கமாட்டார்கள். என்ன எடுத்தான், எப்பொழுது எடுத்தான் என்று உண்மையைச் சொல்லுங்கள். கனடாவிலே 2017 முதல் இவ்வாறு உதவி கேட்டு அழைப்பவன் மீதும் விழுந்தவன் மீதும் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்காக வழக்குப் போடலாகாது என்று சட்டமே இயற்றியிருக்கிறார்கள். அத்தகைய பாதுகாப்பை இந்நாட்டுச் சட்டத்திலும் எழுதும்படி நமது மலையகப் பாராளுமன்ற அங்கத்தினர்களிடம் சங்கம் எழுதிக் கேட்கலாம்.

விட விரும்புகிறவனுக்கும் ஒரு வழி காட்டவேண்டும். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனைத் தொலைபேசி இலக்கம் 1927. காந்தியடிகள் நம் மலைக்கு வந்த ஆண்டும் அதுவே, மறக்க மாட்டீர்கள். அச்சபைக்குக் கண்டியிலும் சிகிச்சை நிலையம் உண்டு. அங்கே நமது பையனோடு தமிழிலே பேசத் தக்க ஆலோசகர் எப்போதும் இருக்கவேண்டும் என்று கேட்பது நம் உரிமை. தன் மனத்திலுள்ள வெட்கத்தை எவனும் அரைகுறையாய்த் தெரிந்த பாஷையிலே சொல்லமாட்டான்.

ஆகவே, தலைவர் அவர்களே, முன்வைக்கப்பட்ட பிரேரணைக்கு ஒரு திருத்தம் கொண்டுவர அனுமதி கேட்கிறேன். சங்கத்தின் மண்டபத்திலும், சங்கம் நடத்தும் எந்த விழாவிலும், போதைப்பொருளோ மதுவோ கொண்டுவருபவன் அன்றைக்கு வெளியே அனுப்பப்படுவான். விற்பவன் என்று தெரியவந்தால் அவனுக்குச் சங்கத்தில் இடமில்லை. பாவிப்பவனின் பெயர் எந்தப் பட்டியலிலும் எழுதப்படமாட்டாது. அவனோடும் அவன் வீட்டாரோடும் பேசச் சங்கத்தில் மூவர் நியமிக்கப்படுவர், அவருள் ஒருவர் பெண்ணாயிருத்தல் வேண்டும், கேட்டதை அவர்கள் வெளியிற் சொல்லலாகாது. வருகிற மார்கழிப் பௌர்ணமிக்கு முன்னர் அங்கத்தவரிற் பத்துப் பேராவது முதலுதவி பழகி, யாத்திரைக் காலம் முடியும்வரை சனி ஞாயிறு இரவுகளில் வீதியோரத்திலே சுடுதண்ணீரும் தேநீரும் வைத்துக்கொண்டு முறைபோட்டு நிற்பர். விழுந்த வாகனத்துக்கும் விழுந்த பிள்ளைக்கும் உதவுவர். வந்தவனிடம் பெயர் கேட்கமாட்டார்கள். இத்திருத்தத்தை யாராவது ஒருவர் ஆமோதிப்பாராகில், வாக்குக்கு விடும்படி தலைவரவர்களைக் கேட்டு அமர்கிறேன்.